சிங்கி குறி சொன்ன காலம்

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு வட்டத்து அன்பர்கள் பணித்தபோது, குற்றாலக் குறவஞ்சியைப் பற்றி எழுதுவதாக உடனே ஒப்புக்கொண்டேன். பத்தாண்டுகளாகச் சாரல் காலத்தில் கூடும்போதெல்லாம் நாம் அந்நூலின் பக்கமே திரும்பி வந்திருக்கிறோம். ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்து மறைந்த மண்ணில் வேறெதைப் படிப்பது? ஆயினும் எழுத உட்கார்ந்தபோது, அதன் சந்தத்தைப் பற்றியோ வருணனையைப் பற்றியோ புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை என்பது விளங்கிற்று. அந்த நாள்களில் நான் படித்துக்கொண்டிருந்தது இங்கிலாந்தின் சூனிய வழக்குகளின் வரலாறு. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்ததில் ஆண்டுகள் ஒன்றோடொன்று உரசின. அந்த உரசலே இக்கட்டுரை.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். மதுரையில் விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706-1732) ஆண்ட காலம். நூலைக் கேட்டு மகிழ்ந்து அவர் கவிராயருக்கு அளித்ததாகச் சொல்லப்படும் நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். அதே ஆண்டுகளில், இலண்டனுக்கு வடக்கே, ஹெர்ட்ஃபோர்டு மாவட்டத்தில் வாக்கெர்ன் என்னும் சிற்றூரில் ஜேன் வென்ஹம் என்ற ஏழைக் கிழவி ஒருத்தி இருந்தாள். சிங்கியும் அவளும் ஒரே காலத்தவர்கள் என்பதை நான் இதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஜேன் வென்ஹத்தின் கதை வைக்கோலில் தொடங்குகிறது. ஒரு புத்தாண்டு நாளில் அவள் பண்ணையாள் ஒருவனிடம் ஒரு பென்னிக்கு வைக்கோல் கேட்டாள். அவன் இல்லையென்றான். அவள் போன பின் அவனுக்கு என்ன நேர்ந்ததோ, வெறிபிடித்தவன்போல் ஓடி, வேற்றிடத்தில் வைக்கோல் கேட்டு, அங்கும் கிடைக்காமல், எருக்குழியிலிருந்து கொஞ்சம் அள்ளித் தன் சட்டையைக் கழற்றி அதில் கட்டிக்கொண்டு திரும்பினான். பண்ணைக்காரர் ஜான் சாப்மன் அவளைச் சூனியக்காரி என்று திட்டினார். கிழவி சும்மா இருக்கவில்லை. மானநட்டம் என்று நடுவரிடம் முறையிட்டாள். வழக்கை ஊர்ப் பாதிரியாரிடம் அனுப்பினார்கள். அவர் சாப்மனை ஒரு ஷில்லிங் கொடுக்கச் சொல்லி, கிழவிக்கும் நல்லபடி நடந்துகொள்ளுமாறு புத்தி சொன்னார். அவளுக்கு மனம் ஆறவில்லை. நியாயம் இங்கே கிடைக்காவிட்டால் வேறிடத்தில் தேடிக்கொள்வேன் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சொல் போதுமானதாயிற்று. பாதிரியார் வீட்டு வேலைக்காரப் பெண் ஆன் தார்ன் என்பவள், முழங்கால் பிசகிக் கட்டுப் போட்டிருந்த நிலையில், எழுந்து அரை மைல் ஓடினாள். வழியிலிருந்த வேலிக்கதவைத் தாண்டினாள். ஆடையில் சுள்ளிகளைச் சுற்றிக்கொண்டு வந்தாள். வலிப்பும் குண்டூசிகளும் பூனைகளும் பிறகு வந்தன. கிழவியைப் பிடித்துக் கிறித்தவர்களின் பரமண்டல செபத்தை ஒப்பிக்கச் சொன்னார்கள். இரண்டிடத்தில் நாக்குத் தடுமாறியது. அதுவும் சான்றாயிற்று. (யாப்பில் தளை தட்டினால் நாம் புன்னகையோடு விட்டுவிடுகிறோம், அங்கே சொல் தட்டினால் உயிர் போகும் நிலை.) 1712 மார்ச்சில் ஹெர்ட்ஃபோர்டு நீதிமன்றத்தில், பூனை வடிவிலிருந்த சாத்தானோடு உரையாடினாள் என்பது குற்றச்சாட்டு. ஜூரிகள் அவளைக் குற்றவாளி என்றனர், சட்டப்படி தூக்கு. நீதிபதி ஜான் பவல் நம்பிக்கையற்றவர். அவள் வானில் பறந்தாள் என்று ஒருவர் சொன்னபோது, பறக்கக் கூடாதென்று சட்டம் எதுவும் இல்லையே என்றாராம். அவர் தண்டனையை நிறுத்தி வைக்க, ஆன் அரசியார் மன்னிப்பு அளித்தார். அவளை ஊருக்குத் திருப்பி அனுப்ப முடியவில்லை. வேறிடத்துப் பெருமனிதர்கள் ஒதுக்கிக் கொடுத்த குடிசையில் இருந்து 1730-இல் இறந்தாள். இங்கிலாந்தில் சூனியத்துக்காகக் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவர்களில் அவளே கடைசி என்பர்.

அவளுக்கு முன்னே போனவர்களுக்கு இந்த நல்லூழ் இல்லை. இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 500 பேர் தூக்கிலிடப்பட்டனர் என்பது பொதுவான மதிப்பீடு, பெரும்பாலோர் பெண்கள். 1612 மார்ச் 18 அன்று லங்காஷயரில் ஆலிசன் டிவைஸ் என்ற இளம்பெண் வழியில் கண்ட தலைச்சுமை வியாபாரி ஒருவரிடம் குண்டூசி கேட்டாள். அவர் மூட்டையை அவிழ்க்க மறுத்தார். சிறிது நேரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து விழுந்தார். அவரை முடக்கியது தன் வாக்குத்தான் என்று அந்தப் பெண்ணே நம்பினாள். நெருப்பு அங்கிருந்து பற்றியது. அவள் குடும்பத்தையும் அண்டை வீட்டாரையும் பிடித்தார்கள். ஒன்பது வயதுத் தங்கை ஜெனட் மேசைமீது நிறுத்தப்பட்டுத் தாய்க்கு எதிராகச் சாட்சி சொன்னாள். ஆகஸ்டு 20 அன்று பத்துப் பேர் தூக்கில் தொங்கினர். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், வேறொரு சிறுவன் சொன்ன பொய்யால், ஜெனட் டிவைஸ் என்ற பெயருடைய ஒருத்தியே சூனியக்காரி என்று பிடிக்கப்பட்டாள். தான் புனைந்து சொன்னதாக அச்சிறுவன் பிறகு ஒப்புக்கொண்டான்.

வைக்கோல், குண்டூசி. இவை ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன? கீத் தாமஸ், ஆலன் மாக்ஃபார்லேன் என்னும் இரு வரலாற்றாசிரியர்கள் 1970-71-இல் தந்த விடை இன்றும் மதிப்புடையது. குற்றம் சாட்டியவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஒன்றை இல்லையென்று மறுத்தவர். வாசலில் வந்து மோரோ மாவோ கேட்ட கிழவிக்குக் கொடுப்பது பழைய அறம். 1601-இன் ஏழையர் சட்டம் அந்தக் கடமையை ஊர்வரியின் பொறுப்பாக்கிக்கொண்டிருந்தது. அறம் இளகிவிட்டது, மனச்சான்று இளகவில்லை. கிழவி முணுமுணுத்துக்கொண்டு போனாள். அன்றிரவு கன்று செத்தது. தன் குற்ற உணர்வை அவள் தலையில் ஏற்றி வைப்பது எளிதாயிற்று. எல்லா வழக்குகளையும் இவ்விளக்கம் அடக்காது என்று பின்வந்தோர் திருத்தியிருக்கின்றனர். ஆயினும் வாக்கெர்ன் கிழவியின் வைக்கோல் முன்னால் அது நின்று பிடிக்கிறது. மாக்ஃபார்லேன் பிறந்தது 1941-இல், அன்றைய அசாமின் ஷில்லாங்கில். அதே அசாம், பெண்களைச் சூனியக்காரிகள் என்று அடித்துக் கொல்வதைத் தடுக்க 2015-இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. பிருபாலா ராபா என்ற எளிய கிராமத்துப் பெண் ஆண்டுக்கணக்கில் போராடிய பின்னரே அதுவும் வந்தது. ஆகவே இதை வெள்ளைக்காரர்களின் பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை.

இனிச் சிங்கியிடம் வருவோம். கையில் மாத்திரைக்கோலும் இடுப்பில் கூடையுமாக ஊர் ஊராகத் திரிபவள். யாருடைய வாசலிலும் நிற்பவள், கேட்டு வாங்குபவள், நடக்கப்போவதைச் சொல்பவள். இங்கிலாந்தின் கிராமத்தில் ஐயத்துக்கு இலக்காவதற்கு வேண்டிய எல்லாமே அவளிடம் இருக்கின்றன. கவிராயர் அவளை என்ன செய்கிறார்? வசந்தவல்லியின் முன் நிறுத்தி, அவள் வாயாலேயே மலைவளம் பாடச் சொல்லி, திரிகூடமலையையே அவள் சொத்தாக்கிவிடுகிறார். தலைவி கையை நீட்டுகிறாள், குறத்தி பார்க்கிறாள், பரிசு பெறுகிறாள். குறவஞ்சி என்னும் இலக்கிய வகையே கேட்டலும் கொடுத்தலும் ஆகிய அந்தச் சடங்கின்மேல் நிற்பது. வாக்கெர்னில் முறிந்த இடம் இங்கே முறியவில்லை.

இது கவிராயரின் தனிப் பெருந்தன்மை என்று கொள்ள வேண்டியதில்லை. குறுந்தொகையில் ஔவையார் அகவன்மகளை விளித்துத் தலைவனின் குன்றைப் பாடச் சொன்ன காலம் முதல் அந்த இடம் அவளுக்கு இருந்திருக்கிறது. சங்கத்து அகப்பாடல்கள் இன்னொன்றையும் நமக்குத் தந்தன. மகள் மெலிந்தாள் என்று தாய் வேலனை அழைக்கிறாள். முருகு அணங்கிற்று என்று அவன் ஆடுகிறான். நோய் காதலென்று தோழிக்குத் தெரியும், நமக்கும் தெரியும். இயற்கைக்கு மீறிய காரணம் கற்பிப்பதைக் கண்டு மெல்லச் சிரிக்கும் மரபு அது. ஹெர்ட்ஃபோர்டு நீதிமன்றத்தில் ஆன் தார்னுக்கு அப்படியொரு தோழி இருந்திருந்தால் நல்லது.

குறவஞ்சியிலும் ஓர் ஐயக்காட்சி உண்டென்பதை அன்பர்கள் அறிவர். சிங்கி அணிந்து வந்த நகைகளைக் கண்டு சிங்கன் துருவித் துருவிக் கேட்கிறான். இதென்ன, பாம்போ என்கிறான். எந்தெந்த நாட்டில் குறி சொல்லி எதைப் பரிசு பெற்றேன் என்று அவள் விடை சொல்லிக்கொண்டே போகிறாள். தமிழில் ஒரு பெண் குறுக்குவிசாரணையை இவ்வளவு களிப்போடு வென்ற இடம் வேறு எனக்கு நினைவில்லை.

இதோடு நிறுத்திவிட்டால் நம்மை நாமே தட்டிக்கொடுத்துக்கொண்டதாகிவிடும். நீலியை எங்கே வைப்பது? பழையனூரில் வணிகன் ஒருவன், என்னைத் தொடரும் இவள் மனைவியல்லள், பேய் என்று கதறுகிறான். வேளாளர் எழுபதின்மர் அதைக் கேட்டு, பெண்ணின் சொல்லை நம்பி, அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்கள் உயிர் பிணை என்று வாக்களிக்கிறார்கள். அவன் இறக்கிறான், அவர்கள் தீப்பாய்கிறார்கள். இங்கிலாந்தில் மன்றத்தார் குற்றச்சாட்டை நம்பினர், பெண் மாண்டாள். இங்கே குற்றச்சாட்டை மறுத்த மன்றத்தார் மாண்டனர். சேக்கிழாரும் போற்றிய அந்த வாக்குத் தவறாமையைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் கதை எந்தப் பாடத்தை ஊர்வாயில் விட்டுச் சென்றது? நீலிக்கண்ணீர் என்ற சொல்லை. அழும் பெண்ணை ஐயுறு என்பதே அதன் பொருள். முற்பிறப்பில் கணவன் கையால் கொலையுண்டவள் அவள் என்ற முதற்பாதியைப் பழமொழி மறந்துவிட்டது.

நல்லவேளையாக நம் பக்கத்து வழிபாடு அதை மறக்கவில்லை. தென்பாண்டி நாட்டில் பேய் என்பது பெரும்பாலும் அகாலமாய், அநியாயமாய்ச் செத்த மனிதர்தான். இசக்கிக்குப் பீடம் உண்டு. காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் முத்துப்பட்டனும் பொம்மக்கா திம்மக்காவும் இருக்கிறார்கள். செத்தவர் கோபத்துக்கு அஞ்சினோம். ஆகவே கொடை கொடுத்தோம். இந்த வரிசையில் ஆங்கிலேயர் ஒருவரும் சேர்ந்தது விந்தை. 1809-இல் திருவிதாங்கூர் அரணைத் தாக்கியபோது காயம்பட்டு மாண்ட அதிகாரி ஒருவர் தொலைவில் மணற்காட்டில் புதைக்கப்பட்டார். பிற்காலத்தில் அவரையும் பேயாகக் கருதிச் சாராயமும் சுருட்டும் படைத்து வழிபட்டனர் என்று கால்டுவெல் 1849-இல் எழுதினார். கால்டுவெல்லுக்கு இது இழிந்த பேய்வழிபாடு. எனக்கோ, படையெடுத்து வந்தவனுக்கும் பசிக்கும் என்று எண்ணிய மனம் அவ்வளவு இழிந்ததாகத் தோன்றவில்லை.

உயிரோடிருப்பவர்மீது ஐயம் நமக்கும் இருந்தது. தகடு, முடி, எலுமிச்சை, வீட்டின்மேல் விழும் கல் ஆகியவற்றுக்கெல்லாம் காரணம் கேட்டால், என் இளமையில் முதியோர் மலையைத்தான் காட்டுவார்கள். மலைக்கு அப்பால் மலையாளத்து மாந்திரீகன். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்ததாய் இருந்தமையால் அந்த 'அப்பால்' மிக அருகில் இருந்தது. எனினும் அவன் பெயரற்றவன், கைக்கு எட்டாதவன். அடுத்த வீட்டுக் கிழவி தப்பினாள். எங்கும் இப்படித் தப்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். சென்னை மாகாணத்தின் வடகோடி மலைநாட்டில், சூனியக்காரன் என்று ஐயப்பட்டவனின் முன்பற்களைப் பிடுங்கிவிடும் வழக்கம் இருந்ததை ஆங்கிலேயர் காலக் குறிப்புகள் கூறுகின்றன. பல் போனால் ஒலி பிறழும். ஒலி பிறழ்ந்தால் மந்திரம் பலிக்காது. எழுத்தின் பிறப்பிலக்கணத்தை இவ்வளவு கொடூரமாகக் கையாண்டவர் வேறில்லை.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பானது. இங்கிலாந்து சூனியச் சட்டத்தை 1736-இல் கைவிட்டது உண்மை. கைவிட்டபோது என்ன சொன்னது? சூனியம் என்று ஒன்றில்லை. ஆகவே அது தெரியுமென்று நடிப்பது மோசடி. குறி சொல்வதாக நடித்தால் ஓராண்டுச் சிறை. காலாண்டுக்கு ஒருமுறை சந்தையூரில் மரச்சட்டத்தில் கழுத்தும் கையும் மாட்டி நிறுத்துதல். 1824-இன் நாடோடிச் சட்டம் கைரேகை பார்த்துப் பலன் சொல்பவரை அயோக்கியர், ஊர்சுற்றிகள் என்ற பட்டியலில் சேர்த்தது. அதற்கும் முன்பே, 1530-இல், ஜிப்சிகளை நாட்டைவிட்டு விரட்ட இயற்றிய சட்டத்தில் அவர்கள் கைரேகை பார்ப்பது ஒரு குற்றமாகச் சொல்லப்பட்டது. பின்வந்த சட்டங்கள் ஜிப்சியாய் இருப்பதற்கே தூக்கு என்றன. அப்படிப் பதின்மூன்று பேர் பரி என்னும் ஊரில் தூக்கிலிடப்பட்டதை நீதிபதி மேத்யூ ஹேல் எழுதி வைத்திருக்கிறார். அதே ஊரில் 1662-இல் இரண்டு விதவைக் கிழவிகளைச் சூனியத்துக்காகத் தூக்குக்கு அனுப்பியவரும் அவரே. சூனியக்காரியும் ஊர்சுற்றிக் குறிகாரியும் அந்நாட்டுச் சட்டத்தில் அக்கா தங்கை.

இந்தக் கண்ணோட்டத்தோடுதான் அவர்கள் நம் ஊருக்கு வந்தார்கள். 1871-இன் குற்றப்பரம்பரைச் சட்டம் முதலில் வடநாட்டுக்கு. 1911-இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. தச்சன் மகன் தச்சனாகும் நாட்டில் திருடன் மகன் திருடனாகத்தான் இருப்பான் என்பது அதை ஆதரித்தோரின் வாதம். சூனிய வழக்கிலாவது ஒருத்தியின்மேல் ஒரு செயலைச் சாட்ட வேண்டும். பொய்யாகவேனும் ஒரு பூனையைக் கொண்டுவர வேண்டும். இச்சட்டத்துக்குப் பிறப்பே போதும். இதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்கள் குண்டடிபட்டு மாண்டனர். அந்நிகழ்ச்சியை நாம் அறிவோம். அதே பட்டியலில் குறவர்களும் இருந்தார்கள் என்பதைக் குறவஞ்சியைப் பாராட்டும் நாம் எத்தனை முறை நினைத்திருக்கிறோம்?

குறவர்களில் பலர் வணிகர்கள். கடற்கரை உப்பைக் கழுதைமேலும் மாட்டின்மேலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், தானியத்துக்கு மாற்றி வந்தவர்கள். அரசின் உப்பு ஏகபோகமும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த புகைவண்டியும் அந்தத் தொழிலை உடைத்தன. பிழைப்பிழந்து அலைந்தவரைக் காவல்துறை 'ஊர்சுற்றி' என்று எழுதிக்கொண்டது. மீனா ராதாகிருஷ்ணா தம் ஆய்வில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். பெயர் பதிவு, வெளியூர் செல்ல அனுமதிச்சீட்டு, இரவில் ஆஜர், குடியேற்ற முகாம். சில முகாம்களை நடத்தியது இரட்சணிய சேனை. இச்சட்டத்துக்குத் தமிழ் மக்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். நூற்றாண்டுக்கணக்கில் பிறர் கைரேகையைப் பார்த்துப் பலன் சொன்ன குலத்தாரின் கையைப் பிடித்து, மை தடவி, தாளில் அழுத்தி வைத்துக்கொண்டார்கள். அந்த ரேகையைப் பார்த்தே அவர்களுக்கு எதிர்காலமும் சொல்லிவிட்டார்கள்.

சென்னை மாகாணத்தில் சட்டம் 1947-இல் நீங்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31-இல். பழக்க ஐயம் அவ்வளவு விரைவில் நீங்குமா? இன்றும் குறவர் வேறு, வாக்ரி மொழி பேசும் நரிக்குறவர் வேறு என்பதைப் படித்தவர்களே அறிவதில்லை. பின்னவர் 2023-இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டதைச் செய்தித்தாளில் கண்டு, சிங்கனுக்கு விடிவு வந்ததென்று மகிழ்ந்த கவிஞர் ஒருவரை நான் அறிவேன். சிங்கனின் குலத்தார் வேறு என்று சொல்லி விளக்க எனக்கு ஒரு பகலாயிற்று.

சென்ற சாரலில் ஐந்தருவிப் பாதையில் மரத்தடியில் கோலும் கூடையுமாக ஓர் அம்மாளைக் கண்டேன். வயது எழுபதுக்கு மேலிருக்கும். குறவஞ்சி என்ற நூலைக் கேட்டிருக்கிறீர்களா என்றேன். "எங்களப் பத்தின பாட்டாமே, படிச்சவுக சொல்லுவாக" என்றார். ரேகைச் சட்டம் பற்றிக் கேட்டபோது சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க தாத்தா ராத்திரியானா போலீசுக் கச்சேரித் திண்ணையிலதான் படுக்கணும். விடிஞ்சுதான் விடுவாக. நான் பாக்கல, எங்காத்தா சொல்லும்" என்றார். கையை நீட்டச் சொன்னார், நீட்டினேன். ரேகையைப் பார்க்குமுன், "ஐயா போலீசுல இல்லியே?" என்று கேட்டார். இல்லையென்றேன். அதன் பின்புதான் கோலை எடுத்தார்.